முதலில் எனக்குத்தான் கண்டுபிடித்தார்கள்

என் கணவருக்கு எச்.ஐ.வி. குணமாகிவிட்டது. உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் இப்படி நடந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சிலரில் ஒருவர் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுவாரம் ஆஸ்பத்திரியில் நடக்கவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்துக்காகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு லிப்ட் மெக்கானிக். முதல்ல என் மனைவிக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. அவ அப்போ கர்ப்பமா இருந்தா. அதுக்கப்புறம்தான் எனக்கு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். சட்டை கருகித் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். புதுச் சட்டை, மனம் வரவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். இந்த முறை கையையும் ஆட்டிச் சொன்னார்.

அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறவனையாவது சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். உண்மையைப் பாதியாக வெட்டி, தனக்குச் சாதகமான பாதியை மட்டும் நீட்டுகிறவரை என்ன செய்வது?

எனக்குத்தான் முதலில் தெரிந்தது, உண்மை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கல்யாணமான ஆம்பளையை யார் கூப்பிட்டு ஊசி குத்துகிறார்கள்? பிள்ளை பெறப்போகிறவளைத்தான் குத்துகிறார்கள். அதனால் முதலில் தெரிவது பெரும்பாலும் பெண்டாட்டிக்குத்தான். யாருக்கு முதலில் தெரிந்ததோ அவளிடமிருந்துதான் வந்தது என்று என் புகுந்த வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். புகையைப் பார்த்துக் கத்தினவள்தான் தீ வைத்தாள் என்கிற மாதிரி.

அவருக்கும் இருக்கிறது என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவர் என்னிடம் அழுதார். கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் வேலை பார்த்தபோது கூட்டாளிகளோடு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனாராம். அந்தக் கூட்டாளிகளில் ஒருவன் இதே நோயில் செத்துப்போனது கல்யாணப் பேச்சு நடக்கும்போதே அவருக்குத் தெரியுமாம். "எனக்கும் இருக்குமோன்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு. டெஸ்ட் எடுத்துப் பாக்கப் பயம்," என்றார். பயத்தோடு வந்து என் பக்கத்தில் மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவங்க தாங்க மாட்டாங்க," என்றும் சொன்னார். நான் தாங்குவேனா என்று ஒரு பேச்சுக்காவது கேட்கவில்லை. வயிற்றில் பிள்ளை, கையில் ரிப்போர்ட், போக்கிடம் இல்லை. சரி என்றேன். மாத்திரை சாப்பிட்டேன், மகள் நோய் இல்லாமல் பிறந்தாள். அந்த ஒரு சந்தோஷத்தில் மற்றதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், விழுங்குகிற ரகம் இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணாடிக்கடைக்கு வேலைக்குப் போனவதானே, எங்கே எப்படி இருந்தாளோ," என்பார். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது என் வேலை. இந்த நோய் மூக்குக்கண்ணாடி வழியாகப் பரவும் என்பது அத்தையின் கண்டுபிடிப்பு. அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் இவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். டிவியில் தெரிகிற வானிலை அறிக்கையை, நாளைக்குக் கப்பலேறப் போகிறவர் மாதிரி அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்.

பிறகு அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு மனிதனுக்கு எத்தனைதான் வரும் என்று நான் உடைந்துபோய் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் துளிக் கோபம்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் தாடி வைத்த டாக்டர் ஒருவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற மஜ்ஜையை மருந்தால் அடியோடு அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும். அது புது ரத்தத்தை உண்டாக்கும். "உலகத்துல ரொம்பக் கொஞ்சம் பேரோட ரத்த அணுவுக்குள்ள இந்த எச்.ஐ.வி. கிருமியால நுழைய முடியாது. பிறவியிலேயே அப்படி. கதவு இருக்கும், கைப்பிடி இருக்காதுன்னு வச்சுக்கங்க. அந்த மாதிரி ஒருத்தர் உங்க வீட்டுக்காரருக்குப் பொருத்தமாவும் கிடைச்சிருக்காரு. ஒரே கல்லுல ரெண்டும் விழுந்தாலும் விழலாம்," என்றார்.

"எனக்கும் இதைச் செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. இந்த சிகிச்சையே ஆளைக் கொன்னுடக் கூடியது. கேன்சர் இருக்கிறதாலதான் இவருக்கு இந்தத் துணிச்சல். உங்களை உங்க மாத்திரை நல்லா வச்சிருக்கு. உங்க ரத்தத்துல கிருமி தென்படுறதே இல்ல. உங்ககிட்டேருந்து யாருக்கும் போகாது," என்றார்.

முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய உயிரணு ஒரு சின்னப் பையில் வந்து, சொட்டுச் சொட்டாக அவருக்குள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் நரகம். வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தார். தோல் உரிந்தது. புது ரத்தம் பழைய உடம்பை ஏற்றுக்கொள்ளாமல் சண்டை போட்டது. தனி அறை, முகத்தில் மாஸ்க், கையில் உறை, கொதிக்க வைத்த தண்ணீர். கடைக்குச் சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு உள்ளே கிடந்தவள் நான். அத்தை வாரத்துக்கு ஒருமுறை வந்து கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போவார். பெற்ற வயிறு, அழட்டும். ஆனால் வாந்தியை ஏந்தியது என் கை.

அவர் பிழைத்தார். புற்றுநோய் போனது. வருடங்கள் கழித்து, டாக்டர் மேற்பார்வையில் எச்.ஐ.வி. மாத்திரையையும் நிறுத்திப் பார்த்தார்கள். கிருமி திரும்பி வரவில்லை. திரும்பத் திரும்பத் தேடினார்கள், ரத்தத்தில் தேடினார்கள், குடலில் தேடினார்கள், எங்கேயும் இல்லை. "இனிமே குணமாயிடுச்சுன்னே சொல்லலாம்," என்று டாக்டர் சொன்ன அன்று நான் அவருடைய அறையிலேயே விம்மி விம்மி அழுதேன். சந்தோஷத்தில்தான். இரண்டு பேரில் ஒருவராவது கரையேறினோமே என்று.

என் கண்ணீர் காய்வதற்குள் இவர் ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், இவகிட்டேருந்து எனக்குத் திரும்ப வந்துடுமா?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். 'இவ' என்று கட்டைவிரலால் காட்டினார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனை தடவ சொல்றது? அவங்ககிட்டேருந்து யாருக்கும் பரவாது. உங்க புது ரத்தத்துக்குள்ள அது சுலபத்துல நுழையவும் முடியாது. இன்னும் என்ன வேணும்?" என்றார். இவர் பெரிதாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய், என் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலிருந்த தன்னுடைய பிரஷை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். அன்றைக்கே படுக்கையும் கூடத்துக்குப் போனது.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்றேன்.

"எல்லாம் சரிதான். இருந்தாலும் எதுக்கு வம்பு?"

இதே வார்த்தையை இவரிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். லிப்ட் கம்பெனி மேற்பார்வையாளர். விஷயம் தெரிந்ததும், 'எல்லாம் சரிதான், எதுக்கு வம்பு' என்று சொல்லி இவரைக் கட்டடங்களுக்கு அனுப்பாமல் கிடங்கில் திருகாணி பொறுக்க வைத்தவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மனுஷனா அவன் என்று என் மடியில் தலை வைத்துப் புலம்பினார் இவர். இப்போது அந்த மேற்பார்வையாளர் என் குளியலறைக்கே வந்து பிரஷை நகர்த்தி வைக்கிறார்.

அத்தைக்கோ தலைகால் புரியவில்லை. "என் பிள்ளை ரத்தம் சுத்தமாயிடுச்சு. இனிமே பாத்து நடந்துக்கணும்," என்று அவர் 'பாத்து' என்பதை அழுத்தும்போது கண் என் மேல்தான் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சுறுசுறுப்பான பெண், வாய் ஓயாது. பெரிய கூட்டம், டிவி எல்லாம் வரும், சார் முகத்தைக் காட்டிப் பேசினால் நோயாளிகளுக்கு எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்றாள். சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிடங்கில் ஒளித்து வைக்கப்பட்ட மனிதருக்கு மேடை கிடைத்தால் குளிராதா, அதை நான் குறை சொல்லவில்லை.

"என்னைப் பத்தி யோசிச்சீங்களா? கடையில யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இருந்துச்சுன்னு டிவியில வந்தா எனக்கும் இருக்குன்னு ஊருக்கே தெரியுமே," என்றேன்.

"உங்க முகத்தைக் காட்ட மாட்டோம்க்கா," என்றாள் அந்தப் பெண்.

"என் முகம் எதுக்கும்மா? அவர் முகம் போதாதா?"

அவள் சிரித்து மழுப்பினாள். போகும்போது இவரிடம், "எப்படி வந்துச்சுன்னு கண்டிப்பா கேப்பாங்க சார். சுருக்கமா ஏதாவது சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சுருக்கம்தான் இஸ்திரி போடும்போது என் காதில் விழுந்தது.

"அந்தப் பேச்சை எடுத்துடுங்க," என்றேன்.

"உண்மைதானே? நான் ஒண்ணும் இட்டுக்கட்டலையே."

"அப்படின்னா அதுக்கு முன்னாடி நடந்த உண்மையையும் சேத்துச் சொல்லுங்க."

"அம்மா முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க. எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியலைன்னா ரெண்டையும் விட்டுடுங்க. அதைப் பத்திப் பேச விரும்பலைன்னு ஒரே வார்த்தை. யாரு உங்களைக் கட்டாயப்படுத்தப் போறாங்க?"

"சரி, சரி, விடு," என்றார்.

இருபது வருடத்துக்குக் கிட்ட அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். அவர் 'விடு' என்றால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

நான் திரும்பியபோது வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். எங்கள் நோயைப் பற்றி அவளுக்குத் தெரியும், அதன் தொடக்கத்தைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை. சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதே. அப்பாவுக்கு உன்கிட்டேருந்துதான் வந்துச்சா?"

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளிடம் கோபம் இல்லை. அவள் காதால் கேட்டதைத்தான் கேட்கிறாள். இவளே இப்படிக் கேட்டால், டிவி பார்க்கிற ஊரான் என்ன நினைப்பான்? நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அது அம்மாவின் கட்சி, அப்பாவின் கட்சி என்று ஆகிவிடும். உலகம் கொண்டாடுகிற அப்பா ஒரு பக்கம், லென்ஸ் தேய்க்கிற அம்மா ஒரு பக்கம். என் மகள் இதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மன்னிப்புக்கூட வேண்டாம்.

"கூட்டத்துக்கு நீயும் வா," என்று மட்டும் சொன்னேன்.

டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று கடை முதலாளியிடம் எனக்கு நோய் இருப்பதை நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு பிரேமைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர், கத்தவில்லை, கதவைக் காட்டவில்லை. பிரேமைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கும்மா முதல்ல?"

பார்த்தீர்களா? நல்லவர்களுக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. "வேலை இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார்," என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் மெஷினுக்குப் போய், அரைகுறையாக விட்ட லென்ஸை முழுசாகத் தேய்த்து முடித்தேன்.

கூட்டம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அரங்கில் நடந்தது. குளிர்சாதனம் எலும்பைக் குத்தியது. மேடையில் டாக்டர், ஆஸ்பத்திரி நிர்வாகி, நடுவில் நான் இஸ்திரி போட்ட சட்டையில் என் கணவர். அத்தை முதல் வரிசையில். என்னையும் மகளையும் விளம்பரப் பெண் பின்னால் தள்ளி உட்கார வைத்து, "கேமரா இந்தப் பக்கம் திரும்பாதுக்கா, பயப்படாதீங்க," என்றாள்.

டாக்டர் நன்றாகப் பேசினார். செல் கொடுத்த முகம் தெரியாத அந்த மனிதருக்கு நன்றி சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. அடுத்து நிர்வாகி எழுந்து, நோயாளியை இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட குடும்பத்துக்கு மரியாதை என்று அறிவித்து, ஒரு பூங்கொத்தைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார். கைதட்டினார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றதற்கு அவ்வளவு பெரிய பூங்கொத்து. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசையின் ஓரத்திலிருந்து ஒரு நிருபர் மைக்கை வாங்கினார். "உங்களுக்கு இந்த நோய் எப்படி சார் வந்துச்சு?"

இவர் தண்ணீர் குடித்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"முதல்ல என் மனைவிக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. அவ அப்போ கர்ப்பமா இருந்தா. அதுக்கப்புறம்தான் எனக்கு." பிறகு, கண்ணாடி முன்னால் பழகாத ஒன்றைச் சேர்த்தார். "ஆனா ஒண்ணு. அதுக்காக நான் அவளை ஒரு நாளும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல."

அரங்கமே கைதட்டியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "தங்கமான மனுஷன்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது தெரியாமலே எழுந்துவிட்டேன். நிருபரிடம், "அதைக் கொஞ்சம் குடுங்க தம்பி," என்றேன். அவர் என்னையும் ஒரு நிருபர் என்று நினைத்தாரோ என்னவோ, கொடுத்துவிட்டார்.

"நான்தான் அந்த மனைவி," என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக எனக்கே கேட்டது. "குறை சொல்லலையாம். நீங்க எப்படிங்க என்னைக் குறை சொல்லுவீங்க? அதை எனக்குக் குடுத்ததே நீங்கதானே? உங்க கூட்டாளி அதுல செத்தது தெரிஞ்சும், டெஸ்ட் எடுக்கப் பயந்துகிட்டு என்னைக் கட்டினீங்க. நீங்களே அழுதுகிட்டே சொன்னது. உங்க அம்மா தாங்க மாட்டாங்கன்னு நான் வாயைத் திறக்கல. இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

கேமரா எல்லாம் என் பக்கம் திரும்பின. விளம்பரப் பெண் குனிந்தபடி ஓடிவந்தாள். டாக்டர் கையை நீட்டி அவளைத் தடுத்தார். மேடையில் இவர் மைக்கை நெருங்கி, கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"அதெல்லாம் பழைய கதை. இப்பதான் என் உடம்புல அது இல்லையே."

"இல்லதான். என்கிட்ட இருக்கே," என்றேன். "நீங்க குடுத்தது."

யாரும் கைதட்டவில்லை. நான் மைக்கை நிருபரிடம் திருப்பிக் கொடுத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரிசையில் அத்தை எழுந்து நின்றிருந்தார். பூங்கொத்தை நெஞ்சோடு அணைத்தபடி, நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். என் முன்னால் நின்றார்.

"ஏன்டி, இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

இதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வந்ததற்கும் நான், மறைத்ததற்கும் நான். இந்த வீட்டில் கேள்வி என்று ஒன்று பிறந்தால் அது நேராக என் வாசலுக்குத்தான் வரும். எனக்கு அழுகை வரவில்லை. அலுத்துப்போனது.

"எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டாச்சு அத்தை. இதை அவர்கிட்ட கேளுங்க. அதோ உக்காந்திருக்காரு, முன்னால மைக்கும் இருக்கு."

அத்தை பூங்கொத்தைப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"சொல்லுடா," என்றார்.